வேர்ச் சிகிச்சையில் வைக்கும் குச்சியில் கிருமி இருக்குமா?

கேள்வி: கொடுப்புப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்தபோது, ரோஸ் நிறக் குச்சிகளை ஒரு கிண்ணத்தில் ஊறப்போட்டு எடுத்து வைத்தார்கள். கிணற்றுக்குக் குளோரின் போட்ட மணம் வந்தது. புதுக் குச்சிதானே, அதை ஏன் ஊறவைக்க வேண்டும்?
வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: உங்கள் மூக்கு சரியாகத்தான் பிடித்திருக்கிறது. அது சோடியம் ஹைப்போகுளோரைட்டு. வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றுக்குப் போடுகிற குளோரின் தூளுக்கு உறவுக்காரன்.

குச்சியின் பெயர் கட்டாபேர்ச்சா. சுத்தம் செய்த வேரின் துவாரத்தை நிரப்பத்தான் இதைச் செருகுகிறார்கள். மலாயாப் பக்கத்து மரமொன்றின் பாலில் இருந்து வருவது. ஆனால் குச்சியில் அந்தப் பால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். பெரும்பகுதி நாக (சிங்க்) ஒட்சைட்டு. பெட்டியை உடைக்கும்போது குச்சி பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. வாய்க்குள் போய் வந்த கையுறையோடு மூடியைத் தள்ளித் திறப்பார்கள், அதே விரலால் ஒன்றைக் கிள்ளி எடுப்பார்கள், பக்கத்தில் உள்ள ஐந்தாறிலும் விரல் படும். துளைக்கும் கருவி கிளப்பும் எச்சில் தூவானமும் திறந்த பெட்டிக்குள் இறங்கும். ஆகவே ஊறவைத்ததைப் பார்த்து நீங்கள் சந்தேகப்படத் தேவையில்லை. ஊறவைக்காமல் வைத்திருந்தால்தான் கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: கல்முனையில் ஒரு பல் சிகிச்சை நிலையத்தில் உதவியாளராக இருக்கிறேன். குச்சிகளை ஸ்பிரிட்டால் துடைத்துத்தான் கொடுக்கிறோம். அது போதுமா? ஒட்டோகிளேவில் வைத்தால் என்ன?

பதில்: இரண்டும் சரிவராது. ஒட்டோகிளேவ், அதாவது அழுத்தமான நீராவியால் கிருமி நீக்கும் கருவி, 121 பாகை செல்சியஸில் வேலை செய்கிறது. கட்டாபேர்ச்சா 60 பாகையை நெருங்கும்போதே குழைந்துவிடும். நுனியின் அளவு கெட்டால் அந்தக் குச்சி வேருக்குள் சரியாகப் பொருந்தாது. ஸ்பிரிட் சாதாரணக் கிருமிகளைக் கொல்லும், பசில்லஸ் என்னும் கிருமி இனத்தின் வித்துகளை, அதாவது தடித்த உறைக்குள் உறங்கும் கிருமிகளை, ஒன்றும் செய்யாது. குளோர்ஹெக்சிடீன் என்ற கிருமிநாசினியும் வித்துகளிடம் தோற்றுப்போகும். கையில் கிடைப்பவற்றில் நம்பக்கூடியது ஹைப்போகுளோரைட்டுத்தான்: 5.25 சதவீதக் கரைசலில் ஒரு நிமிடம். இது 1970களிலேயே சோதித்துக் காட்டப்பட்ட முறை. கரைசல் இதைவிட ஐதானது என்றால் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

செய்யும் விதம் இதுதான். பல்லை நிரப்பத் தொடங்குவதற்குச் சற்று முன், கிருமி நீக்கிய சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் புதுக் கரைசல் 5 மில்லிலீற்றர் ஊற்றுங்கள். காலையில் ஊற்றி வைத்தது வேண்டாம். பெட்டிக்குள் விரல் போகக் கூடாது, சுத்தமான சாவணம் மட்டும்தான். முதன்மைக் குச்சியோடு, பக்கத்தில் செருகப்போகும் மெல்லிய துணைக் குச்சிகளையும் போடுங்கள். அநேகமாக எல்லோரும் மறப்பது இந்தத் துணைக் குச்சிகளைத்தான். மேலே மிதந்தால் சாவணத்தால் அமுக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு கிருமி நீக்கிய நீரிலோ 70 சதவீத அற்ககோலிலோ அலசி, கிருமி நீக்கிய கோஸ் துணியில் உலர்த்துங்கள். அலசாவிட்டால் குச்சியின் மேல் உப்புப் பளிங்குகள் பூத்து நிற்கும், ஒட்டுப்பசை அந்த இடத்தில் பிடிக்காது. வேரைக் கடைசியாகக் குளோர்ஹெக்சிடீனால் கழுவும் இடமாக இருந்தால் இன்னும் கவனம்: இரண்டு மருந்தும் சந்தித்தால் கபில நிறப் படிவு ஒன்று உண்டாகி வேருக்குள் அடைத்துக்கொள்ளும்.

இன்னோர் ஓட்டையும் உண்டு. குச்சியைப் பொருத்திப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, வெளியே எடுத்துத் தட்டில் வைப்பீர்கள். அதற்குள் எச்சில் பட்டிருக்கலாம், தட்டில் கிடந்த உலோக அளவுகோலும் பட்டிருக்கலாம். அதே குச்சியை அப்படியே பசை தடவி உள்ளே விட்டால் முதலில் ஊறவைத்ததில் பலனில்லை. மறுபடி ஒரு நிமிடம் போடுங்கள். நீளத்தை விரல் நகத்தால் குறிக்காமல், சாவணத்தின் நுனியால் குச்சியை அழுத்தி ஒரு பள்ளம் பதித்தால் போதும்.

கரைசல் போத்தலையும் பாருங்கள். மட்டக்களப்பு, அம்பாறை வெக்கையில் ஜன்னலோரம் நிற்கும் போத்தல் மெல்ல வலுவிழக்கும். மணம் இருக்கும், வீரியம் இருக்காது. இருண்ட நிறப் போத்தலில், இறுக மூடி, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். திறந்த திகதியை எழுதி ஒட்டுங்கள். குச்சிப் பெட்டிக்கும் வெயில் ஆகாது. வளைக்கும்போது மடங்காமல் முறிகிற குச்சி பழுதாகிவிட்டது, எறிந்துவிடுங்கள்.

ஒன்றை அளவோடு சொல்ல வேண்டும். வேர்ச் சிகிச்சை தோற்பதற்குக் குச்சியின் அழுக்கு முதற்காரணம் அல்ல. சுத்தம் செய்தபோது வேருக்குள்ளேயே தப்பிய கிருமியும், மேல் அடைப்பு வழியாகக் கசிந்து இறங்கும் எச்சிலுமே பெரிய காரணங்கள். எச்சில் படாமல் பல்லைத் தனியாக்கும் றப்பர் விரிப்பு போடாத இடத்தில் குச்சியை மட்டும் ஊறவைத்துப் பயன் குறைவு. ஆனால் இந்தக் காரணத்தை ஒரு நிமிடத்தில் அகற்றலாம் என்னும்போது விட்டுவைக்க நியாயமே இல்லை.

கேள்வி: நரம்பு எடுத்து வெள்ளை மருந்தால் அடைத்து அனுப்பினார்கள். மூன்று கிழமை ஆகிறது. வலி இல்லை. மெல்லப் போகலாமா?
வாசகர், பொத்துவில்

பதில்: பிந்த வேண்டாம். அது தற்காலிக அடைப்பு. மூன்றரை மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்பில் இருந்தால்தான் கசியாமல் நிற்கும், அதுவும் இரண்டு மூன்று கிழமைக்குத்தான். நரம்பு போன பல்லில் இரத்தவோட்டம் இல்லை. உள்ளே இறங்கும் கிருமியிடம் உடலின் எதிர்ப்பும் போய்ச் சேராது, நீங்கள் விழுங்கும் மாத்திரையும் போய்ச் சேராது. சத்தமில்லாமல் பெருகும், பிறகு ஒருநாள் முரசு வீங்கிச் சீழ் கட்டும். அதுவரை வலிக்காமலே இருக்கக்கூடும்.

போகும்வரை அந்தப் பக்கத்தால் சப்பாதீர்கள். வெற்றிலை போடுபவராக இருந்தால் கொட்டைப்பாக்கை விடுங்கள். அடைப்பையும் பெயர்க்கும், பலவீனமான பல்லையும் பிளக்கும். அடைப்புப் பெயர்ந்தால் கராம்பையோ பஞ்சையோ திணிக்காமல் அன்றைக்கே அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் பற் சிகிச்சைப் பிரிவுக்குப் போய், மறுபடி அடைத்துவிடச் சொல்லுங்கள். மீதி வேலைக்குப் பழைய இடத்துக்குப் பிறகு போகலாம்.