அந்த மரம் கடைசியில் என்ன ஆயிற்று?

கேள்வி: "ஸ்டார் டிரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்" என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் "தி இன்னர் லைட்" என்ற அத்தியாயத்தை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? சண்டை இல்லை, புதிர் இல்லை. கேப்டன் மயங்கி விழுகிறார், எழுகிறார். அவ்வளவுதானே?

பதில்:

விழுந்து எழுகிறார் என்பது சரிதான். ஆனால் விழுந்தவர் வேறு, எழுந்தவர் வேறு. இடையில் அந்த மனிதர் ஏறக்குறைய நாற்பது ஆண்டு வாழ்ந்து, மனைவியைப் பறிகொடுத்து, பேரனையும் பார்த்துவிட்டார். கப்பலில் இருந்தவர்களுக்கோ அது 25 நிமிடம்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1992 ஜூனில் ஒளிபரப்பானது. எண்டர்பிரைஸ் என்ற விண்வெளிக் கப்பலின் வழியில் சிறிய விண்கலம் ஒன்று குறுக்கிடுகிறது. அதிலிருந்து வரும் கதிர் பட்டுக் கேப்டன் பிக்கார்ட் சாய்கிறார். கண் விழிப்பது கடான் என்ற கோளில், ரெசிக் என்ற ஊரில். அங்கே அவர் பெயர் காமின், தொழில் இரும்பு நெசவு. ஈலைன் என்ற பெண் தன்னை அவர் மனைவி என்கிறாள். காய்ச்சலில் பிதற்றுகிறீர்கள் என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். பல ஆண்டு முரண்டு பிடித்த பிறகு அவர் அந்த வாழ்க்கையை ஏற்றுக்கொள்கிறார். மழை பொய்த்துக்கொண்டே போகிறது. அவர்களுடைய சூரியன் வெடித்துச் சிதறப்போகிறது, தப்பிக்க வழியில்லை. ஊர் கூடி ஒரு ராக்கெட்டை ஏவுகிறது. கிழவராகிவிட்ட காமின் அதை அண்ணாந்து பார்க்கும்போதுதான், அந்தக் கலம் தேடிப்போய்க் கண்டெடுக்கும் ஆள் தானே என்று அவருக்குப் புரிகிறது. அவர்கள் அழிந்து ஆயிரம் ஆண்டு ஆகிவிட்டது. அவர் வாழ்ந்த வாழ்க்கை, அந்தக் கலம் கதிர் வழியே அவருக்குள் புகுத்திய அவர்களுடைய நினைவு.

இந்த அத்தியாயத்துக்கு 1993இல் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது கிடைத்தது. ஆனால் நான் இதை நேசிப்பதற்குக் காரணம் விருது அல்ல. அழியப்போகும் ஓர் ஊர், தன்னைப் பற்றி எதைச் சொல்லி அனுப்ப வேண்டும் என்ற கேள்விக்கு இதில் கிடைக்கும் விடைதான் காரணம்.

1977இல் மனிதர்களாகிய நாம், வேற்றுலகத்தார் யாராவது கண்டெடுக்கட்டும் என்று, வாயேஜர் விண்கலங்களில் தங்க முலாம் பூசிய ஒலித்தட்டுகளை அனுப்பினோம். 55 மொழிகளில் வணக்கம், நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், ஒன்றரை மணி நேர இசை. பெரிய முயற்சிதான், மறுக்கவில்லை. அந்த 55 மொழிகளில் தெலுங்கும் கன்னடமும் உண்டு, தமிழ் இல்லை. பள்ளியில் படித்த காலத்தில் அந்தப் பட்டியலில் தமிழைத் தேடித் தேடிப் பார்த்து அழுகையே வந்துவிட்டது. பட்டியல் என்று போட்டால் யாராவது விடுபட்டுத்தான் போவார்கள். ரெசிக் மக்கள் பட்டியல் போடவில்லை. தங்கள் வரலாற்றையோ அரசர்களின் பெயர்களையோ அனுப்பவில்லை. முன்பின் தெரியாத ஒருவரை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். நாற்பது ஆண்டு அவரைத் தங்கள் ஊர்க்காரராக வாழவைத்தார்கள்.

ஈலைன் அவரிடம் சலிக்காமல் சொல்லும் ஒரு பேச்சு உண்டு: காலணியை எடுத்து ஒழுங்காக வையுங்கள். சாகும் தறுவாயிலும் அவள் அதைத்தான் சொல்கிறாள். ஒரு மனைவியை இதைவிடத் துல்லியமாக எழுதிக் காட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்றாவது முறை அப்பாவோடு, சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில். அம்மா தவறி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பாவுக்கு ஆங்கிலம் ஓரளவுக்குத்தான் ஓடும், அதனால் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த மரணக் காட்சியில், "என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் பேசவில்லை. எங்கள் வாசலில், தாழ்வாரத்து ஓரமாக, அம்மா வாங்கிப் போட்ட செருப்பு அடுக்கு இன்னும் இருக்கிறது. மேல்தட்டு அம்மாவுடையது. அதில் நாங்கள் யாரும் எதையும் வைப்பதில்லை.

அப்பா செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். 1968இல் பட்டறை கைமாறிய பிறகும் அங்கேயே தொடர்ந்தார். குடியிருந்தது பழைய சோங் பாங் கம்பத்தில், அதாவது கிராமத்தில். அந்தக் கம்பம் இன்று இல்லை. அங்கிருந்தவர்களில் பலர் எங்களைப் போல ஈசூன் அடுக்குமாடிகளுக்கு வந்துவிட்டார்கள். கேன்பரா சாலையில் பட்டறைத் தொழிலாளர்கள் ஒரு மரத்தடியில் முருகனை வைத்துக் கும்பிடத் தொடங்கிய கோயிலும் பிற்பாடு ஈசூனுக்கே இடம் மாறியது. அதன் பெயரில் மட்டும் இன்றும் அந்த மரம் இருக்கிறது: புனித மரம் பாலசுப்பிரமணியர் ஆலயம். பங்குனி உத்திரத்துக்கு அங்கே காவடி எடுக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த மரம் நின்ற இடம் தெரியும்?

ரெசிக்கிலும் ஒரு மரம் உண்டு. ஊர் நடுவில் ஒரு கன்று நட்டிருக்கிறார்கள். தண்ணீரே அளவாகக் கிடைக்கும் பஞ்சத்தில், ஒவ்வொருவரும் தம் பங்கில் கொஞ்சம் அதற்கு ஊற்றுகிறார்கள். கதையில் இது இரண்டொரு நிமிடம்தான் வரும். முதல் இரண்டு முறையும் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அப்பா கவனித்தார். பிக்கார்டிடம் அந்தக் கலத்துக்குள் இருந்த சிறு பெட்டியைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். உள்ளே காமின் வாசித்த புல்லாங்குழல். அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, சன்னலருகே தனியாக நின்று வாசிக்கிறார். எல்லோரும் கண்கலங்கும் இடம் இது. எனக்கும் தொண்டை அடைத்தது. (அந்தக் குழல் 2006இல் நியூயார்க் ஏலத்தில் 48,000 டாலருக்குப் போனது. வாங்கியவரை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.) படம் முடிந்ததும் அப்பா கேட்டது குழலைப் பற்றி அல்ல.

"அந்த மரம் கடைசியில் என்ன ஆயிற்று அம்மா?"

சூரியனே வெடித்துவிட்டதே அப்பா என்றேன். தலையாட்டினார். சிறிது நேரம் கழித்து, 1963இல் சிங்கப்பூரில் தண்ணீர்க் கட்டுப்பாடு வந்ததைச் சொல்லத் தொடங்கினார். அடுத்த ஆண்டு பிப்ரவரி வரை அது நீடித்தது. கம்பத்துப் பொதுக் குழாயடியில் வாளிகள் வரிசை கட்டி நிற்குமாம். அந்த நாட்களில் பாட்டி அரிசி களைந்த தண்ணீரைக் கீழே கொட்ட விடமாட்டாராம். கறிவேப்பிலைச் செடிக்கு எடுத்துப் போவாராம். பாட்டியைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்தது பெயரும் ஒரு மங்கிய புகைப்படமும்தான்.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. அடுத்த அத்தியாயத்திலேயே பிக்கார்ட் எதுவும் நடக்காததுபோல நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். மறு ஆண்டு "லெஸன்ஸ்" என்ற அத்தியாயத்தில் அந்தக் குழலை மீண்டும் எடுக்கிறார், அந்த வரைக்கும் நன்று. நாற்பது ஆண்டு வாழ்ந்துவிட்டு வந்தவருக்கு அது போதாது.

அப்பா அன்று இரவு தமிழ் முரசு நாளிதழின் ஓரத்து வெள்ளைப் பகுதியில் கம்பத்தை வரைய முயன்றார். இடம் பற்றவில்லை. என்னிடம் ஒரு பெரிய தாள் கேட்டு வாங்கி, சுல்தான் திரையரங்கு, குழாயடி, எங்கள் வீடு, மழையில் வழுக்கும் ஒற்றையடிப் பாதை என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். கறிவேப்பிலைச் செடிக்கு மட்டும் வட்டம் போட்டு, அதன்மேல் இன்னொரு முறை பேனாவை ஓட்டினார். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது.