காவல் நிலைய அழைப்பும் உங்கள் உரிமையும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: புதுச்சேரி எல்லையிலுள்ள ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் செல்பேசியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். மறுக்கலாமா? (மஞ்சக்குப்பம்)

பதில்: மறுக்கலாம், குரலை உயர்த்தாமல். மது பாட்டிலைத் தேடி வண்டியைச் சோதிக்கும் அதிகாரம் உங்கள் வாட்ஸ்ஆப் வரை நீளாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. வழக்குக்குத் தேவையெனில் முறைப்படி கைப்பற்றி, சாட்சிகள் முன் மகஜர் (கைப்பற்றியதற்கான பதிவு) எழுதட்டும்.

கேள்வி: அடிதடிப் புகார் ஒன்றில் 66 வயதான என் தந்தையை நிலையத்துக்கு வரச் சொல்லி வாட்ஸ்ஆப்பில் நோட்டீஸ் அனுப்பியுள்ளார்கள். போக வேண்டுமா? (வில்லியனூர்)

பதில்: அவர் சாட்சியா, எதிரியா (குற்றம் சாட்டப்பட்டவரா)? அதை எழுதாமல் பதில் கேட்டால் எப்படி? சாட்சியானால், பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம்) 179-ஆம் பிரிவின்படி 60 வயதைக் கடந்தவரை அவர் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். எதிரியானால், கைது செய்யாமல் விசாரணைக்கு அழைக்கும் அதே சட்டத்தின் 35(3)-ஆம் பிரிவு நோட்டீஸ் நேரில் வழங்கப்பட வேண்டும். வாட்ஸ்ஆப் செல்லாது என்பது 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. முறையாக நோட்டீஸ் வந்த பிறகு போகாமல் இருந்தால், அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும்.

நோட்டீஸாவது பரவாயில்லை. "சும்மா விசாரணைதான், வந்துவிட்டுப் போங்கள்" என்று வாய்மொழியாக அழைத்து, காலையில் போனவரை இரவு வரை பெஞ்சில் உட்காரவைத்து, எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி எழுதாமல் விடுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு சொல்வதால், கைதே செய்யவில்லை என்று காட்டி அந்தக் கடிகாரத்தை ஓடவிடாமல் செய்கிறார்கள். வெளியேற விடாமல் தடுத்த நொடியிலிருந்தே அது காவல்தான் என்பது என் நிலைப்பாடு. ஆகவே, உள்ளே போன நேரத்தைக் குறித்துக்கொண்டு, நிலையக் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி மறுநாளே கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்திட வேண்டாம். போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே பி.என்.எஸ்.எஸ். 181-ஆம் பிரிவு இடம் தரவில்லை.

கேள்வி: கைதுக்கான காரணத்தை வாயால் சொன்னால் போதுமா? (நெய்வேலி)

பதில்: போதாது. எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தரவேண்டும்.

கேள்வி: புதுச்சேரி பேருந்து நிலையத்தில் நகை பறிபோனது. கடலூரில் புகார் தரலாமா? (பண்ருட்டி)

பதில்: தரலாம். எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. முதல் தகவல் அறிக்கையைப் பூஜ்ய எண்ணிட்டுப் (ஜீரோ எஃப்.ஐ.ஆர்.) பதிந்து புதுச்சேரிக்கு அனுப்புவார்கள். இங்கும் வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: என்மேல் ஏதோ வழக்காம். முன்ஜாமீன் கிடைக்குமா? (ஊர் எழுதவில்லை)

பதில்: எந்த நிலையம், என்ன பிரிவு? முதல் தகவல் அறிக்கையின் நகலோடு எழுதுங்கள்.