வாசகர் கேள்வி – பதில்: காயிலை விலக்கினால் வோல்டேஜ் ஏன் எகிறுகிறது?

கேள்வி: கம்பியில்லாமல் மின்சாரம் அனுப்பும் புராஜெக்ட் செய்கிறோம். இரு பக்கமும் 24 மைக்ரோஹென்றி காயில், அதோடு சீரிஸில் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர். ரிசீவரில் நான்கு 1என்4007 டையோடு, பிறகு வோல்டேஜை 5க்குக் குறைத்து நிறுத்தும் 7805 ஐசி. காயிலைச் சற்று விலக்கினால் வோல்டேஜ் குறையாமல் 9இலிருந்து 16க்குத் தாவுகிறது. ஐசியைத் தொட முடியவில்லை. 5 வோல்ட், 1 ஆம்பியர் நிலையாக எடுப்பது எப்படி?
— பாலிடெக்னிக் மாணவர்கள், ஈரோடு

பதில்: முதலில் அந்த நான்கு டையோடையும் கழற்றுங்கள். 1என்4007 வீட்டுக் கரன்டின் 50 ஹெர்ட்ஸுக்கு ஆனது. ஆஃப் ஆவதற்கே அதற்குச் சில மைக்ரோசெகண்ட் பிடிக்கும். உங்கள் சர்க்யூட் ஓடும் 100 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு முழுச் சுற்றே 10 மைக்ரோசெகண்ட்தான். அதனால் தலைகீழாகவும் கடத்திச் சூடாகும். சட்டென்று ஆஃப் ஆகும் ஷாட்கி டையோடு போடுங்கள். அதிலும் பிரிட்ஜில் இரண்டு டையோடு சேர்ந்து 0.8 வோல்ட் வரை தின்னும்; 5 வோல்ட் வேலையில் இது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. டையோடுக்குப் பதில் மாஸ்ஃபெட் சுவிட்ச் வைத்த சிங்க்ரனஸ் ரெக்டிஃபையர் இந்த நட்டத்தில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தும்.

இனி வோல்டேஜுக்கு வருவோம். உங்கள் காயிலும் கெப்பாசிட்டரும் சுமார் 103 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிரும் (ரெசொனன்ஸ்). அங்கே ஓட்டும்போது ரிசீவர், வோல்டேஜை நிலையாகத் தரும் பேட்டரி போல அல்லாமல், கரன்டை நிலையாகத் தள்ளும் பம்பு போல நடக்கும். காயில்களின் பிணைப்பு குறைந்தால் அந்தக் கரன்ட் கூடும். 7805 தனக்கு வேண்டியதை மட்டும் எடுக்க, மிச்சம் ஃபில்டர் கெப்பாசிட்டரில் ஏறி வோல்டேஜை உயர்த்துகிறது. 16 வோல்ட் உள்ளே போய் 5 வோல்ட், 1 ஆம்பியர் வெளியே வந்தால், 5 வாட் வேலைக்கு 11 வாட் சூடு.

7805ஐ எடுத்துவிட்டு, வேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்டேஜைக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர் வைத்தால் போதும் என்று தோன்றும். போதாது. வோல்டேஜ் ஏற ஏற அது உள்ளே இழுக்கும் கரன்டைக் குறைத்துக்கொள்ளும். மிச்சக் கரன்ட் இன்னும் கூடி, வோல்டேஜ் மேலும் ஏறும். கடைசியில் கன்வெர்ட்டரே போய்விடும். ஆகவே கட்டுப்பாடு டிரான்ஸ்மிட்டரில் இருக்க வேண்டும். செல்போன் சார்ஜரின் ‘சீ’ (Qi) தரமுறை செய்வதும் இதைத்தான்: போன் தன் லோடை லேசாக மாற்றி மாற்றி, விநாடிக்கு 2,000 பிட் வேகத்தில், அதே காயில் வழியாகவே ‘கூட்டு, குறை’ என்று சொல்லி அனுப்புகிறது. சார்ஜர் அதற்கேற்பத் தன் அதிர்வெண்ணையோ வோல்டேஜையோ மாற்றுகிறது. நீங்களும் 175 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி, ரிசீவர் கேட்கக் கேட்கக் கீழே இறங்குங்கள். 120க்குக் கீழே போகாதீர்கள். ரிசீவரில், வோல்டேஜ் எல்லை மீறாமல் பிடித்து நிறுத்தும் ஓவர்வோல்டேஜ் கிளாம்ப் கட்டாயம் வேண்டும். காயிலைச் சட்டென்று நகர்த்தினால் தகவல் போய்ச் சேரும் முன்பே வோல்டேஜ் ஏறிவிடும்.

வீணாவதைக் குறைக்க முதலில் பிணைப்பை அளந்துவிடுங்கள். இரு காயிலையும் வேலை செய்யும் இடைவெளியில் வைத்து, கெப்பாசிட்டர் இல்லாமல், சீரிஸில் இணைத்து எல்சிஆர் மீட்டரில் (இண்டக்டன்ஸ் அளக்கும் கருவி) பாருங்கள். பிறகு ஒரு காயிலின் முனைகளை மாற்றி இணைத்து மறுபடி பாருங்கள். 57.6, 38.4 மைக்ரோஹென்றி என்று வந்தால், வித்தியாசத்தை நான்கால் வகுக்க 4.8, அதை 24ஆல் வகுக்க 0.2. இதுதான் பிணைப்பெண். காயில் ரெசிஸ்டன்ஸை 100 கிலோஹெர்ட்ஸிலேயே அளக்க வேண்டும். சாதா மல்டிமீட்டர் குறைத்துத்தான் காட்டும். அது 0.15 ஓம் என்றால், ஒத்ததிர்வில் லோடு காயிலுக்கு 3 ஓமாகத் தெரியும்போது காயிலிலிருந்து காயிலுக்கு 90 சதவீதம் போகும். அதே காயிலில் இலேசான 20 ஓம் லோடு போட்டால் 75 சதவீதம்தான். லோடு இலேசானால் நல்லதுதானே என்று நினைப்பீர்கள். ஆனால் டிரான்ஸ்மிட்டர் காயிலில் கரன்ட் சும்மா சுற்றிச் சுற்றியே சூடாகிறது. டிரான்ஸ்மிட்டர் கட்டுப்பாடு அமைந்த பிறகு 7805க்குப் பதில் பக் கன்வெர்ட்டரை வைக்கலாம். காயிலுக்கு 0.1 மில்லிமீட்டர் இழைகள் முறுக்கிய லிட்ஸ் கம்பியும், முதுகில் ஃபெரைட் தகடும் வையுங்கள்.

கேள்வி: ரிசீவரைத் தூக்கியவுடன் டிரான்ஸ்மிட்டர் மாஸ்ஃபெட் எரிகிறது. 12 வோல்ட், இரண்டு மாஸ்ஃபெட் மாறி மாறி ஆன் ஆகும் ஹாஃப் பிரிட்ஜ். காயில் இதே 24 மைக்ரோஹென்றிதான்.
— வாசகர், திருச்சி

பதில்: ஒத்ததிர்வில் ஓட்டுகிறீர்கள். அங்கே காயிலும் கெப்பாசிட்டரும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். கரன்டைத் தடுப்பது ரிசீவர் மட்டுமே. அது போனதும், 12 வோல்ட் ஹாஃப் பிரிட்ஜ் காயிலுக்குத் தரும் 5.4 வோல்ட்டுக்கு எதிரே 0.15 ஓம்தான் மிச்சம்: கணக்கில் 36 ஆம்பியர். 120 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினால் ரிசீவர் போன பிறகும் 4.8 ஓம் தடை இருக்கும், கரன்ட் 1.1 ஆம்பியர் வாக்கில் நின்றுவிடும். ஒத்ததிர்வுக்கு மேலே ஓட்டுவதில் இன்னொரு லாபம், மாஸ்ஃபெட் சுழி வோல்டேஜில் ஆன் ஆகும்.

கெப்பாசிட்டரையும் பாருங்கள். 5 ஆம்பியர் ஓடினால் 100 கிலோஹெர்ட்ஸில் அதன்மேல் உச்ச வோல்டேஜ் 100ஐத் தாண்டும். எக்ஸ்7ஆர் செராமிக் வோல்டேஜ் ஏறும்போது மதிப்பை இழக்கும், சூடும் ஆகும். 250 வோல்ட் பாலிபுரோப்பிலீன் அல்லது சீ0ஜி (C0G) செராமிக் வகையைப் பல துண்டுகளாகப் பேரலலில் போடுங்கள்.

கேள்வி: வயர்லெஸ் சார்ஜரில் வைத்தால் போன் சூடாகிறது. கோளாறா?
— வாசகி, மதுரை

பதில்: பெரும்பாலும் காயில் நேராக உட்காரவில்லை. கவரைக் கழற்றி, போனைச் சில மில்லிமீட்டர் நகர்த்திப் பாருங்கள். கவரில் இரும்பு வளையமோ நாணயமோ இருந்தால் அதுதான் காய்கிறது, உடனே எடுத்துவிடுங்கள். 2023இல் வந்த ‘சீ2’ (Qi2) என்ற புதிய தரமுறையில் போன், சார்ஜர் இரண்டிலும் காந்தம் இருப்பதால் காயில்கள் தானாகவே நேர்ப்படும்.