சுவர்களில் வண்ணம் ஊதி கிராஃபிட்டி எழுதுகிறவர்கள் இணையத்தில் ஏன் இப்படித் திட்டிக்கொள்கிறார்கள்? நடுவில் இலக்கணப் பிழை வேறு பிடிக்கிறார்களே, ஏன்?

நான் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவள். சுவரில் ஒரு கோடுகூடப் போட்டதில்லை. ஆனால் பல ஆண்டுகளாக இவர்கள் போடும் படங்களையும், அதன்கீழ் நடக்கும் சண்டைகளையும் விடாமல் படித்து வருகிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

அவர்களிடையே பெரிய வசைச்சொல் கெட்ட வார்த்தை அல்ல, 'டாய்'. பொம்மை, அதாவது கற்றுக்குட்டி. ஒருவர் எழுதியதன் குறுக்கே அந்தச் சொல்லைக் கிறுக்கிவிட்டுப் போனால் அதைவிட அவமானம் கிடையாது. அடுத்தவர் பாணியைத் திருடினால் 'கடித்துவிட்டான்' என்பார்கள். இன்னொருவர் எழுத்தின்மேல் எழுதவும் முறை உண்டு. கையெழுத்து மாதிரியான 'டேக்' மேல், அவசரமாக ஊதிய 'த்ரோ-அப்' போடலாம். அதன்மேல், பொறுமையாகப் பல வண்ணங்களில் செய்த 'பீஸ்' போடலாம். இது தலைகீழானால் சண்டைதான்.

இதற்கெல்லாம் காரணம், அவர்கள் தங்களை ஓவியர் என்று சொல்லிக்கொள்வதைவிட 'ரைட்டர்' என்று சொல்லிக்கொள்வதுதான். 1971-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதிப் பிரபலமான 'டாக்கி 183' என்ற இளைஞர் ஊர் முழுக்க எழுதியது தன் செல்லப்பெயரையும் தெரு எண்ணையும் மட்டுமே. எழுதுவது பெயர் ஒன்றுதான் என்றால், அந்த நாலைந்து எழுத்து எப்படி நிற்கிறது என்பதுதான் அவர்களுக்கு இலக்கணம். 'உன் K எழுத்துக்குக் கால் ஊன்றவில்லை', 'அம்புக்குறி எழுத்திலிருந்து முளைக்காமல் ஒட்டவைத்ததுபோல் இருக்கிறது' என்று வரும் குறிப்புகளைக் கவனியுங்கள். திட்டுகிற தொனிதான், ஆனால் உள்ளே பாடம் இருக்கும். உட்கார்ந்து பார்க்காதவர் அப்படிச் சொல்லவே முடியாது.

இரண்டாவது வகைத் திருத்தம்தான் எனக்கு வலிக்கிறது. ஒருவர் கோபத்தில் நாலு வரி எழுதியிருப்பார். எதிராளி அதற்குப் பதில் சொல்லாமல், 'யுவர்' வரவேண்டிய இடத்தில் 'யூ ஆர்' போட்டிருக்கிறாய் என்று மட்டும் எழுதுவார். அவ்வளவுதான், கூட்டம் சிரிக்கும், பேச்சு செத்துப்போகும்.

நானும் அதைச் செய்திருக்கிறேன். தமிழ் எழுத்தில் முயன்றுகொண்டிருந்த ஒரு பையன் 'தெருகூத்து' என்று எழுதிப் படம் போட்டிருந்தான். 'தெ'வின் கொம்பை வளைத்து அடுத்த எழுத்துக்குக் குடையாகப் பிடித்திருந்தான், அவ்வளவு அழகு. நான் கீழே போட்டது ஒரே வரி: 'க் எங்கே தம்பி?' மறுநாள் அந்தப் படம் இல்லை. அந்தக் கொம்பைப் பற்றி ஒரு சொல்லாவது முதலில் சொல்லியிருக்க வேண்டும். இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

சரி, நேருக்கு நேரான போட்டி எப்படி இருக்கும் என்பதற்கு லண்டன் கதை ஒன்று போதும். 1985-இல் ராபோ என்பவர் கேம்டனில், ரீஜென்ட்ஸ் கால்வாய் ஓரத்துச் சுவரில் 'ராபோ இன்க்' என்று பெரிதாக ஒரு பீஸ் எழுதினார். தண்ணீர் வழியாகத்தான் அந்தச் சுவரை நெருங்க முடியும். அதனால் மற்றவர்களின் கிறுக்கல்களோடு இருபது ஆண்டுக்குமேல் அது தாங்கியது. 2009-இல், முகம் காட்டாத பிரபல சுவரோவியர் பேங்ஸி அங்கே வந்து, ஒரு தொழிலாளி சுவருக்குக் காகிதம் ஒட்டுவதுபோல் வரைந்தார். ஒட்டப்படும் காகிதமாக மிஞ்சியிருந்தது ராபோவின் எழுத்து. பாதிக்கு மேல் சாம்பல் நிறத்தில் மறைந்துபோனது.

ராபோ அப்போது எழுதுவதை விட்டுப் பல காலம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்தக் கிறிஸ்துமஸ் அன்று, உறைகிற குளிரில், குளிர் தாங்கும் ரப்பர் நீச்சல் உடை போட்டு, காற்று மெத்தையில் மிதந்து கால்வாயைக் கடந்து போனார். பேங்ஸியின் தொழிலாளியை அழிக்கவில்லை. அந்த ஆளே எழுதுவதுபோல், வெள்ளி நிறத்தில் 'கிங் ராபோ' என்று எழுதிவிட்டு வந்தார். சில நாளில் 'கிங்' என்பதற்கு முன்னால் மூன்று ஆங்கில எழுத்துகள் சேர்ந்து, பட்டம் கெட்ட வார்த்தையானது. எழுத்துக்கூட்டலை வைத்தே அடித்த அடி இது. எனக்குத் தெரிந்து இவ்வளவு சிக்கனமான வசை வேறில்லை!

அப்புறம் ராபோவின் ஆட்கள் நகரெங்கும் பேங்ஸியின் படங்களைத் தேடித் தேடி மாற்றினார்கள். 2011-இல் ராபோவுக்குத் தலையில் அடிபட்டு நினைவு தப்பியது. அப்போது பேங்ஸி அதே சுவரில் ராபோவின் பழைய பீஸைக் கறுப்பு வெள்ளையில் மறுபடி வரைந்து, வண்ணக் குப்பி ஒன்றை எரியும் மெழுகுவத்திபோல் அதில் வைத்தார். 2014-இல் ராபோ இறந்துபோனார். முதலில் மூடியதற்கு இது ஈடாகுமா என்றால், ஆகாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ராபோவின் எழுத்தைக் கூர்ந்து படிக்காமல் அதைத் திரும்ப வரைந்திருக்க முடியாது.

இலக்கணத் திருத்தத்தைச் சுவரிலேயே போய்ச் செய்தவர்களும் உண்டு. ஈக்வடார் தலைநகர் கீட்டோவில் ஒரு குழு கிளம்பியது. சுவர் எழுத்துகளில் விட்டுப்போன காற்புள்ளி, அசை அழுத்தக் குறி, கேள்விக்குறி எல்லாவற்றையும் சிவப்பு வண்ணத்தால் போட்டுவிட்டுப் போவார்கள், பள்ளி ஆசிரியர் மாதிரி. 2015 வாக்கில் உலகச் செய்திகளில் எல்லாம் வந்தார்கள். மெய்ப்புக்காரியாக என் கை தானாகவே அவர்கள் பக்கம் போகிறது. ஆனால் ஒருத்தியிடம் கெஞ்சி எழுதிய வரியில் காற்புள்ளி மட்டும் திருத்தப்பட்டால், எழுதியவனுக்கு எப்படி இருக்கும்?

பிழையை விட்டுவிட்டுச் சண்டை போட்டவர்களும் உண்டு. இத்தாலியின் பொம்பெயி நகரம் கி.பி. 79-ஆம் ஆண்டு எரிமலைச் சாம்பலில் புதைந்தபோது, ஒரு மதுக்கடைச் சுவரில் இருவர் அடித்துக்கொண்டது அப்படியே தங்கிவிட்டது. சுக்கெஸ்ஸுஸ் என்ற நெசவாளி, விடுதிக்காரியின் அடிமைப் பெண் ஈரிஸைக் காதலிக்கிறான், அவள் அவனை மதிப்பதில்லை, இதை எழுதுவது அவனுடைய போட்டியாளன் என்கிறது முதல் வரி. அதில் 'அடிமைப் பெண்' என்ற லத்தீன் சொல்லில் இரண்டாம் வேற்றுமை விகுதி விட்டுப்போயிருக்கிறது, நம்முடைய 'ஐ' மாதிரி. பார்த்த மாத்திரத்தில் தெரிகிற பிழை. பதிலுக்கு வந்தவன் அதைத் தொடவே இல்லை. பொறாமைக்காரா, உன்னைவிட அழகனோடு மோதாதே என்று எழுதினான். முதலாமவன் திரும்பி வந்து முடித்தான்: 'சொல்லிவிட்டேன், எழுதியும் விட்டேன். நீ ஈரிஸைக் காதலிக்கிறாய். அவள் உன்னை மதிப்பதில்லை.'