ஆர்எஸ்ஏவை உடைக்கும் குவாண்டம் கணினி, லாட்டிஸ் பூட்டின் முன்னால் ஏன் திணறுகிறது?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. குவாண்டம் கணினிக்கான ஷோரின் வழிமுறை, இணையத்தில் ரகசியம் காக்கும் ஆர்எஸ்ஏ பூட்டை உடைக்குமென்றால், லாட்டிஸ் (சீரான இடைவெளியில் பரவிய புள்ளிகளின் வலை) மேல் கட்டிய மறைகுறியீட்டை மட்டும் ஏன் அதே வழியில் உடைக்க முடியவில்லை? அப்புறம், இதற்கெல்லாம் அடியில் இருக்கும் ‘மறைந்த உட்குலச் சிக்கல்’ எம்எஸ்சி புராஜெக்டுக்கு ஏற்றதா? இரண்டாவதில் எனக்குச் சூடு பட்ட அனுபவம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்த்துவிடும் என்று செய்திகளில் எழுதுகிறார்கள். அப்படி இருந்திருந்தால் லாட்டிஸும் என்றைக்கோ போயிருக்கும். அதற்கு நன்றாகத் தெரிந்த வேலை வேறு: தாளம் பிடிப்பது.

கச்சேரிக்குத் தாமதமாகப் போகிறீர்கள், பாட்டு நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறது. சமம் எங்கே விழுந்தது என்று தெரியாது. ஆனாலும் கொஞ்ச நேரம் தொடையில் தட்டிப் பார்த்தால் எட்டா ஏழா, ஆதியா மிஸ்ர சாப்பா என்று பிடித்துவிடலாம். நீங்கள் எந்த இடத்தில் உள்ளே நுழைந்தாலும் ஆவர்த்தனத்தின் நீளம் அதேதான். ஷோரின் வழிமுறையும் இதைத்தான் செய்கிறது.

ஆர்எஸ்ஏவின் பலம், ஒரு பெரிய எண்ணின் காரணிகளைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதில்தான் இருக்கிறது. சின்னதாக 21-ஐ எடுத்துக்கொள்வோம். 2-இன் அடுக்குகளை 21-ஆல் வகுத்து மீதியை எழுதுங்கள்: 1, 2, 4, 8, 16, 11, மறுபடி 1. ஆறு அடியில் தாளம் சுற்றி வருகிறது. அந்த 6 தெரிந்துவிட்டால் மற்றது பள்ளிக்கூடக் கணக்கு. பாதி 3; 2³ = 8; அதற்கு ஒன்று கீழே 7, ஒன்று மேலே 9. 21-உடன் இவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 7, 3. ஆர்எஸ்ஏ எண் என்றால் அறுநூற்றுச் சொச்சம் இலக்கம் இருக்கும்; சுழற்சியும் அதற்கேற்ப நீளும். சாதாரணக் கணினி அடி அடியாக எண்ணினால் பிரபஞ்சம் முடிந்துவிடும்.

குவாண்டம் கணினி 0 முதல் 511 வரை எல்லா அடுக்குகளையும் மேற்பொருத்தி (ஒரே நிலையில் ஒன்றாகக் கலந்து), மீதியைக் கணக்கிட்டு, மீதியை மட்டும் அளக்கிறது. 4 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் நிற்பது 2, 8, 14, 20 என்று ஆறாறாகத் தாவும் வரிசை. இதை அப்படியே அளந்தால் ஏதோ ஓர் எண் விழும், பயனில்லை. அடுத்த முறை மீதி வேறாக வரும், வரிசையும் வேறிடத்தில் தொடங்கும். ஒரு வரிசையில் எந்த இடைவெளி திரும்பத் திரும்ப வருகிறது என்று காட்டும் ஃபூரியர் உருமாற்றம் இங்கேதான் கைகொடுக்கிறது. எங்கே தொடங்கியது என்பதை அது கட்டத்துக்குள் (ஃபேஸ்; அளந்தால் நேராகத் தெரியாத கோணம்) ஒதுக்கித் தள்ளிவிட்டு, தாவலின் நீளத்தை மட்டும் வெளியே விடுகிறது. இப்போது அளந்தால் 85 வரலாம். 85/512 கிட்டத்தட்ட 1/6. பிடித்தாயிற்று. 171 வந்தால் 1/3 போலத் தெரியும், 3 என்று ஏமாற்றும்; 2³ = 8, 1 இல்லை, அதனால் மறுபடி ஓட்ட வேண்டும். அவ்வளவுதான்.

இதைக் குலங்களின் மொழியில் சொல்லலாம். (குலம் என்றதும் குலதெய்வம் ஞாபகம் வந்தால் தப்பில்லை. நம் பாடநூல்களில் குரூப்புக்கு, அதாவது எந்த இரண்டைச் சேர்த்தாலும் விடை உள்ளேயே விழும் கூட்டத்துக்கு, அதுதான் பெயர்.) ஒரு குலத்தின் உறுப்புகளுக்கு யாரோ நிறம் பூசியிருக்கிறார்கள். உள்ளே ஏதோ ஓர் உட்குலம் ஒளிந்திருக்கிறது. உட்குலத்தை அப்படியே நகர்த்தி வைத்தால் கிடைக்கும் தொகுதிக்குக் கோசெட் என்று பெயர். ஒரே கோசெட்டில் இருப்பவற்றுக்கு ஒரே நிறம், வேறு கோசெட் என்றால் வேறு நிறம். நிறத்தை மட்டும் கேட்டுக் கேட்டு உட்குலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இதுதான் மறைந்த உட்குலச் சிக்கல். மேலே பார்த்த கணக்கில் குலம் முழு எண்கள், உட்குலம் 6-இன் மடங்குகள், நிறம் மீதி. 1994-இல் டேனியல் சைமன் இருமச் சரங்களில் செய்ததும், அதைப் பார்த்து உந்துதல் பெற்ற பீட்டர் ஷோர் அதே ஆண்டு பெல் ஆய்வகத்தில் காரணிப்படுத்தலுக்கும் தனித்த மடக்கைக்கும் (டிஸ்க்ரீட் லாக்) செய்ததும் இந்த ஒரே வேலைதான். அடுத்த ஆண்டு கிடாயெவ் இதைப் பொதுவாக்கினார். பெருக்கும் வரிசையை மாற்றினாலும் விடை மாறாத குலங்கள், அதாவது எபீலியன் குலங்கள், இதில் அடங்கிவிட்டன. நீள்வட்ட வளைவு மறைகுறியீடும் அந்தப் பட்டியலில்தான் வருகிறது.

வரிசை மாறினால் விடை மாறும் குலங்களில்தான் தகராறு. ஒரு சதுர அட்டையின் ஒரு மூலையில் புள்ளி வைத்து, கால் சுற்று திருப்பிவிட்டுக் குப்புறக் கவிழ்த்துங்கள். பிறகு முதலில் கவிழ்த்து அப்புறம் திருப்புங்கள். புள்ளி வேறிடத்தில் நிற்கும். இப்படித் திருப்பல், கவிழ்த்தல் சேர்ந்ததுதான் டைஹெட்ரல் குலம். பார்க்கச் சாதுவாக இருக்கும்.

இதில் ஒளிந்திருக்கும் கவிழ்ப்பைக் கண்டுபிடிப்பதைச் சபாவுக்கே கொண்டுபோனால் இப்படி: இரண்டு பேர் ஒரே வட்டப்பாட்டைப் பாடுகிறார்கள், ஒருவர் மற்றவரைவிடச் சில அட்சரம் பின்னால். எத்தனை அட்சரம்? கருவியை ஒரு முறை ஓட்டினால் ஒரே ஒரு க்யூபிட் (குவாண்டம் பிட்) கையில் வரும். அதன் கட்டத்தில் ‘தாமதம் பெருக்கல் ஏதோ ஓர் எண்’ பதிந்திருக்கும். அந்த எண் எது என்று சொல்லிவிடுவார்கள், ஆனால் தேர்ந்தெடுக்க விடமாட்டார்கள். அது வட்டத்தின் சரிபாதியாக விழுந்தால் தாமதம் ஒற்றையா இரட்டையா என்று க்யூபிட்டே சொல்லிவிடும். ஆனால் வட்டம் பெரிதானால் அந்த எண் தானாக விழ யுகம் ஆகும்.

எனக்கு இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், தகவல் உள்ளேதான் இருக்கிறது. எட்டிங்கர், ஹோயர், நில் மூவரும் எந்த முடிவுள்ள குலத்துக்கும் கொஞ்சம் கேள்விகளே போதும் என்று நிரூபித்துவிட்டார்கள். அந்தக் க்யூபிட்களிலிருந்து விடையைப் பிழிந்தெடுக்கும் வேகமான வழிதான் கிடைக்கவில்லை. கிரெக் கூப்பர்பெர்க் 2003-இல் ஒரு சல்லடை கொடுத்தார். இரண்டு க்யூபிட்களைச் சேர்த்து அளந்தால் புதிய க்யூபிட்டில் அவற்றின் எண்களின் கூட்டலோ கழித்தலோ பதியும், பாதிக்குப் பாதி. கடைசி இலக்கங்கள் ஒத்துப்போகும் ஜோடிகளாகப் பொறுக்கினால், கழித்தல் விழும்போது அந்த இலக்கங்கள் பூச்சியமாகும். இப்படியே சலித்துச் சலித்துச் சரிபாதிக்கு வந்துவிடலாம். இலக்கங்கள் கூடக் கூட அடுக்குக்குறியாக நீளும் நேரத்தைவிட எவ்வளவோ குறைவு. ஆனாலும் ஷோரின் வேகம் இல்லை.

லாட்டிஸ் இங்கேதான் வருகிறது. டைஹெட்ரல் சிக்கலை இந்தக் கோசெட் வழியில் வேகமாகத் தீர்த்தால், லாட்டிஸில் மற்றவற்றைவிடத் தனித்துக் குட்டையாக இருக்கும் திசையனையும் கண்டுபிடித்துவிடலாம் என்று ஓடெட் ரெகெவ் 2002-இல் காட்டினார். லாட்டிஸ் மறைகுறியீடு நம்பியிருப்பது இதுபோன்ற சிக்கல்களைத்தான். ஆக, உங்கள் முதல் கேள்விக்கு விடை: எபீலியன் குலத்தில் ஃபூரியர் உருமாற்றம் தாளத்தைக் கையில் கொடுத்துவிடுகிறது, லாட்டிஸ் போய்ச் சேரும் டைஹெட்ரல் குலத்தில் கொடுப்பதில்லை. முடியவே முடியாது என்று நிரூபணம் எதுவும் கிடையாது. இத்தனை பேர் முயன்றும் முடியவில்லை என்பதுதான் கையிருப்பு. அந்த நம்பிக்கையில்தான் அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில், குவாண்டம் கணினியையும் தாங்கும் மறைகுறியீட்டுக்காக வெளியிட்ட முதல் மூன்று தரநிலைகளில் இரண்டு லாட்டிஸை நம்பி நிற்கின்றன.

அதே ஆண்டு ஏப்ரலில் யிலெய் சென் ஒரு கட்டுரை போட்டார், லாட்டிஸ் சிக்கல்களுக்கு வேகமான குவாண்டம் வழிமுறை என்று. எங்கள் வாட்ஸப் குழுவில் அன்றிரவு யாரும் தூங்கவில்லை. எட்டு நாளில் ஒன்பதாவது படியில் ஓட்டை தெரிந்தது. திருத்த வழியில்லை என்று அவரே குறிப்பு எழுதினார். அதை அவ்வளவு நேர்மையாகச் சொன்னதற்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை.

சரி, புராஜெக்ட். நான் எம்ஃபில் சேர்ந்தபோது வழிகாட்டி, “எபீலியன் முடிஞ்சாச்சு, அடுத்தது சமச்சீர் குலம்தானேப்பா, அதைப் பார்” என்றார். சமச்சீர் குலம் என்றால் பொருள்களை வரிசை மாற்றும் எல்லா வழிகளும் சேர்ந்தது. அது தீர்ந்தால் இரண்டு வரைபடங்கள் (புள்ளிகளைக் கோடுகளால் இணைத்த வலைகள்) ஒரே வடிவமா என்ற கேள்வியும் தீரும். ஏழு மாதம் ஏ4 தாளில், அந்தக் குலத்தைப் படிக்க உதவும் யங் கட்டங்களாக (யங் டயகிராம்) வரைந்து தள்ளினேன். பிறகுதான் மூர், ரஸ்ஸல், ஷுல்மன் 2005-இல் எழுதிய கட்டுரை கண்ணில் பட்டது: நான் முயன்றதுபோல ஒவ்வொரு நிலையாகத் தனித்தனியே அளந்தால் சமச்சீர் குலத்தில் எதுவும் தேறாது என்று நிரூபணத்தோடு. முதல் வாரத்தில் படித்திருக்க வேண்டியதை எட்டாவது மாதத்தில் படித்தேன். போதாக்குறைக்கு, வரைபடக் கேள்வியைச் சாதாரணக் கணினியிலேயே கிட்டத்தட்ட வேகமாகச் செய்யும் வழியை பாபாய் 2015-இல் கண்டுபிடித்துவிட்டார்.

அதனால் சமச்சீர் குலம் வேண்டாம், கூப்பர்பெர்க்கின் சல்லடையை எடுங்கள். அதை ஓட்டிப் பார்க்கக் க்யூபிட்டே தேவையில்லை. எண்களை மட்டும் பட்டியலாக வைத்துக்கொண்டு, கூட்டலா கழித்தலா என்பதற்குக் காசு சுண்டினால் போதும். 20 பிட்டில் தொடங்குங்கள். சரிபாதி எண் ஒன்று விழ முதலில் எத்தனை க்யூபிட் கொட்ட வேண்டியிருக்கிறது என்று எண்ணி, 24, 28 என்று ஏற்றி வரைபடம் போடுங்கள். ஒரு பழைய மடிக்கணினி தாங்கும்.