போர்டில் பட்டு விழும் பந்து

அன்புள்ள ஐயா,

வணக்கம். மதுரை வில்லாபுரத்திலிருந்து எழுதுகிறேன். வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். உங்கள் எழுத்தை என் மகன்தான் காட்டினான். போன மாதம் வேறு எதையோ சொல்லி வரும்போது நடுவில் "டிம் டங்கன் மாதிரி சத்தமில்லாமல்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியை எனக்கு நாலு தடவை வாசித்துக் காட்டிவிட்டான்.

பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். ஆறடி இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டான். போன வருஷம்தான் பேஸ்கட் பால் பக்கம் போனான். ஃபார்வர்டு ஆடுகிறானாம். பந்தை நேராகக் கூடைக்குள் போடாமல் கூடைக்குப் பின்னால் இருக்கிற போர்டில் அடித்துத்தான் போடுகிறான். அதற்குக் கூட ஆடுகிற பையன்கள் "பெருசு ஆட்டம்" என்று கேலி பண்ணுகிறார்கள். வீட்டுச் சுவரில் கரியால் ஒரு கட்டம் போட்டு அதிலேயே அடித்துக்கொண்டிருக்கிறான். சத்தம் தாங்காமல் பக்கத்து வீட்டில் சண்டைக்கு வந்துவிட்டார்கள். பீரோவில் ஒட்டி வைத்திருப்பதும் அந்த டங்கன் படம்தான். படத்தில்கூட அந்த மனுஷன் சிரிக்கக் காணோம்.

"பதினைஞ்சு வயசுக்கு மேல ஆரம்பிச்சு எங்க போய்ச் சேர, படிப்பும் கெட்டுப் போகும்" என்கிறான் என் தம்பி. எனக்கு விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. யார் ஐயா இந்த ஆள்? இவரை ஏன் என் பையனுக்கு இவ்வளவு பிடிக்கிறது? இது சோறு போடுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தம்பி கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். டங்கன் இந்த ஆட்டத்துக்கு வந்ததும் ஏறக்குறைய அதே வயதில்தான், பதினாலு வயதில்.

கரீபியன் கடலில் செயின்ட் குரோய் என்று ஒரு சின்னத் தீவு. அப்பா கொத்தனார், அம்மா பிரசவம் பார்க்கும் நர்ஸ். டங்கன் அப்போது நீச்சல்காரர். அக்கா ஒருவர் 1988 சியோல் ஒலிம்பிக்கில் நீந்தியவர், தம்பியும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தார். 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் வந்து, தீவில் இருந்த ஒரே ஒலிம்பிக் அளவு நீச்சல்குளத்தை நாசம் செய்துவிட்டது. கடலில் போய் நீந்திப் பழகச் சொன்னார்கள். பையனுக்குச் சுறா பயம். அடுத்த ஏப்ரலில், அவருடைய பதினாலாவது பிறந்தநாளுக்கு முதல் நாள், அம்மா மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனார். நீச்சல் அதோடு முடிந்தது. அக்காள் கணவர்தான் கையில் பந்தைக் கொடுத்து ஆடக் கற்றுக்கொடுத்தார்.

உங்கள் மகனும் அப்படி வந்துவிடுவான் என்று ஆசை காட்ட இதைச் சொல்லவில்லை. டங்கன் ஆறடி பதினொரு அங்குலம் வளர்ந்தவர். அந்த வளர்த்தி எல்லோருக்கும் வாய்க்காது. வயது தாண்டிவிட்டது என்ற பேச்சுக்கு மட்டும்தான் இந்தக் கதை பதில்.

படிப்பு கெடும் என்பதற்கும் அவர் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது. பட்டம் வாங்குவேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் உளவியல் படித்தார். பாதியில் விட்டுவிட்டு என்.பி.ஏ. என்கிற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்குக்குப் போயிருந்தால் கோடிகள் காத்திருந்தன. பலரும் அப்படித்தான் போனார்கள். அவர் கடைசி வருஷம்வரை இருந்து பட்டத்தை வாங்கிக்கொண்டுதான் போனார். அந்த 1997இல் அமெரிக்கா முழுவதும் தேர்வுக்கு நின்ற ஆட்டக்காரர்களில் முதல் ஆளாக அவரை எடுத்தது சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் என்ற என்.பி.ஏ. அணி. இந்தப் பத்தியை உங்கள் தம்பிக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஃபார்வர்டு என்றால் என்ன வேலை என்று உங்களுக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டே சொல்கிறேன். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று வைகைக் கரைக் கூட்டத்தில் நின்றிருப்பீர்கள். குதிரை வாகனம் தெரிகிற இடம் ஒரு சாண்தான் இருக்கும். அந்த இடத்தைப் பிடித்தவர் காலை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, பின்னாலிருந்து நெருக்குகிறவர்களை முதுகாலேயே தாங்கி நிற்பார். கையால் யாரையும் தள்ள மாட்டார். இடத்தையும் விட மாட்டார். கூடைக்கு அடியில் நிற்கும் பவர் ஃபார்வர்டுக்கு, எங்கள் காலத்தில் 'நாலாம் நம்பர்' என்போம், அதேதான் வேலை. யாரோ எறிந்த பந்து தவறி மேலே எழும்பும். அது கீழே வருவதற்குள் எங்கே விழும் என்று கணித்து அந்த இடத்தை முதுகால் அடைத்து வைக்க வேண்டும். அப்படி எடுக்கிற பந்துக்கு ரீபவுண்ட் என்று பெயர். பார்க்க வந்தவர்கள் அதற்குக் கை தட்டுவதில்லை. டங்கன் 19 வருஷத்தில் 1,392 ஆட்டங்களில் 15,091 ரீபவுண்ட் எடுத்தார்.

இனி அந்த போர்டு ஷாட். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கரிக்கட்டம்தான். நான் மதுரையில் பள்ளிக்கூடத்தில் ஆடிய கோர்ட்டு சிமெண்ட் தரை. பலகை போர்டு. வருஷத்துக்கு ஒரு தடவை பெயிண்ட் அடிப்பார்கள், மழைக்காலம் முடியும்போது ரிங்குக்கு மேலே போர்டில் வரைந்த கட்டம் பாதி உரிந்திருக்கும். பி.டி. மாஸ்டர் ஒரு சாக்பீஸ் துண்டைக் கொடுத்து, தோளில் ஏற்றிவிட்டு, கட்டத்தின் மேல் மூலையில் புள்ளி வைக்கச் சொல்வார். "ரிங்கைப் பாக்காத. புள்ளியப் பாரு. புள்ளியில பட்டா ரிங் தன்னால வாங்கிக்கும்." பக்கவாட்டில், சாய்கோணத்தில் நின்று மெதுவாக எறிய வேண்டும். பந்து மூலையில் பட்டு, வேகம் செத்து, வலைக்குள் இறங்கும். பலகை போர்டு 'தொப்'பென்று பந்தை விழுங்கும். கண்ணாடி போர்டு பந்தைத் துடிப்பாகத் திருப்பி அனுப்பும். ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு குணம் உண்டு. புது கோர்ட்டுக்குப் போனால் முதல் பத்து நிமிஷம் அந்தக் குணத்தைப் பிடிக்கவே போய்விடும். கையும் கண்ணும் ஒழுங்காகப் பழகியவனுக்குத்தான் இந்த ஷாட் வரும். உங்கள் மகனுக்கு வருகிறது என்றால் அவன் பொறுமையாகப் பழகியிருக்கிறான்.

டங்கனின் பெயர் சொல்லும் ஷாட் அதுதான். இடது பக்கம் நின்று, பந்தை வாங்கி, ஒரு கணம் நிதானித்து, போர்டில் போடுவார். ஷகில் ஓ'நீல் என்ற மாபெரும் ஆட்டக்காரர் இவருக்கு 'பிக் ஃபண்டமெண்டல்' என்று பட்டப்பெயர் வைத்தார். அரிச்சுவடியில் பெரிய ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரிச்சுவடியை வைத்துக்கொண்டு 1999, 2003, 2005, 2007, 2014 என்று ஐந்து முறை என்.பி.ஏ. கோப்பை வாங்கினார். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது 2002, 2003 இரண்டு வருஷமும் அவருக்குத்தான். 2003 இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் 21 புள்ளி, 20 ரீபவுண்ட், 10 அசிஸ்ட் (கூட்டாளி கூடை போடுவதற்குக் கொடுத்த பாஸ்), எதிராளி எறிந்த பந்தில் எட்டைத் தடுத்தது எல்லாம் அவர் ஒருவரே. குறையும் உண்டு. தடுக்க ஆளே இல்லாமல் நின்று எறியும் ஃப்ரீ த்ரோவில் அவர் நூற்றுக்கு எழுபதைத் தொடவில்லை.

சிரிக்காதவர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆட்டத்துக்குள் முகம் மாறாதவர், அவ்வளவுதான். 2007இல் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார் என்பதற்காக ஒரு நடுவர் அவரை ஆட்டத்தைவிட்டே வெளியேற்றினார். லீக் அந்த நடுவரைச் சீசன் முடியும்வரை இடைநீக்கம் செய்தது.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது கோப்பைகளைப் பற்றி அல்ல. 2013 இறுதித் தொடரில் மயாமி அணியோடு ஆறாவது ஆட்டம். அரை நிமிஷம்கூட மிச்சமில்லை, ஸ்பர்ஸ் ஐந்து புள்ளி முன்னிலை. ஜெயித்தால் கோப்பை. டங்கன் அன்றைக்கு 30 புள்ளி, 17 ரீபவுண்ட். கடைசி நொடிகளில் பயிற்சியாளர் கிரெக் பாப்பவிச் அவரை பெஞ்சில் உட்காரவைத்தார். தூரத்திலிருந்து எறிகிறவர்களை ஓடித் தடுக்க வேகமான ஆட்கள் வேண்டும் என்பது கணக்கு. மயாமி எறிந்த பந்து தவறி எழும்பியது. எடுக்க வேண்டிய ஆள் வெளியே உட்கார்ந்திருந்தார். எதிரணி அதை எடுத்துக் கொடுக்க, ரே ஆலன் மூலையிலிருந்து மூன்று புள்ளி போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஸ்பர்ஸ் தோற்றது. ஏழாவது ஆட்டத்தில் ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக இருக்கும்போது, தன்னைவிட உயரம் குறைந்த ஒருவருக்கு மேலே, கூடைக்கு மிக அருகில், டங்கன் கைக்கு ஆயிரம் தடவை வந்த ஷாட். தவறியது. திரும்பி வந்த பந்தைத் தட்டினார், அதுவும் தவறியது. ஓடிப்போய்க் குனிந்து இரண்டு கையாலும் தரையை ஓங்கி அறைந்தார். கோப்பை போனது. அன்று அவருக்கு 37 வயது.

பெஞ்சில் உட்காரவைத்த பயிற்சியாளரை அவர் எங்கும் குறை சொல்லவில்லை. அடுத்த சீசனும் அதே பாப்பவிச்சிடம், அதே 21ஆம் எண் சட்டையில் ஆடினார். 2014இல் அதே மயாமியை 4–1 என்று ஜெயித்தார்கள். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியது டங்கன் இல்லை, கவாய் லெனர்ட் என்ற 22 வயதுப் பையன்.

இந்த இடத்தை நான் லேசாகக் கடந்துபோக முடியாததற்குக் காரணம் உண்டு. கல்லூரியில் மூன்றாம் வருஷம் என்னை பெஞ்சில் உட்காரவைத்து முதலாம் ஆண்டுப் பையன் ஒருவனை இறக்கினார்கள். அவன் என்னைவிட வேகம். எனக்கு அது அப்போதே தெரியும். இருந்தும் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவன் திரும்பிப் போகவில்லை. போகாமல் இருந்தது இன்றைக்கும் வலிக்கிறது. டங்கன் 1997இல் அணிக்குள் வந்தபோது அங்கே டேவிட் ராபின்சன் என்று மூத்த பெரிய ஆட்டக்காரர் இருந்தார். வந்த பையனுக்கு வழி விட்டு, அவன் பக்கத்திலேயே நின்று ஆடி, 2003இல் கோப்பையோடு ஓய்வு பெற்றார். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் டங்கன். தன் முறை வந்தபோது அவரும் அதையே செய்தார். முழங்கால் தாங்க வேண்டும் என்று எடையைக் குறைத்தார். மற்ற ஆட்களை வைத்துக்கொள்ள அணிக்குப் பணம் வேண்டும் என்பதால் 2012இல் முன்பு வாங்கியதில் பாதிக்கும் குறைவான சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டார். ஒரு காலத்தில் ஆட்டத்துக்கு 25.5 புள்ளி போட்டவர், கடைசி சீசனில் 8.6 புள்ளியோடு, யாருக்கு எங்கே நிற்க வேண்டும் என்று கை காட்டிக்கொண்டு ஆடினார். 2016 ஜூலையில் ஒரு அறிக்கையோடு விடைபெற்றார். விழா, ஊர் ஊராகப் போய்க் கையசைப்பது ஒன்றும் இல்லை. பதினாறு வயதுப் பையன் பீரோவில் ஒட்ட இப்படி ஒருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறான் என்றால் எனக்கு அவனைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

சோறு. நம் ஊரில் கூடைப்பந்து ஆடியே பணக்காரர் ஆவது நடக்கிற காரியம் இல்லை. ஆனால் வேலை உண்டு. ஐ.ஓ.பி., தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., ராணுவம், கடற்படை என்று அணி வைத்திருக்கிற இடங்கள் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுக்கின்றன. கல்லூரிச் சேர்க்கையிலும் கோட்டா இருக்கிறது. இரண்டுக்கும் மார்க் ஷீட்டும் வேண்டும், மாவட்ட, மாநில அளவில் ஆடிய சர்டிபிகேட்டும் வேண்டும். ஒவ்வொரு சர்டிபிகேட்டையும் அன்றைக்கே வாங்கி பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். இதில் கோட்டைவிட்ட பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பார்த்து, விளையாட்டு விடுதிக்கு எப்போது செலக்‌ஷன் என்று கேட்டு வையுங்கள்.

கோடையில் பெரியகுளத்தில் அகில இந்தியப் போட்டி நடக்கும். நான் சொன்ன அணிகளில் சில அங்கே வரும். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் சாயங்கால ஆட்டத்துக்குப் போய்விடலாம். தம்பியையும் கூட்டிப் போங்கள். பந்தைப் பார்க்காமல், கூடைக்கு அடியில் நிற்கிற நாலாம் நம்பரின் காலை மட்டும் ஒரு பத்து நிமிஷம் பாருங்கள்.

பக்கத்து வீட்டில் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு என்று நேரம் பேசிக்கொள்ளுங்கள், ஒத்துக்கொள்வார்கள். அந்தக் கரிக்கட்டத்தை உங்கள் தையல் டேப்பால் ஒரு தடவை அளந்து பாருங்கள். அகலம் 59 சென்டிமீட்டர், உயரம் 45. கட்டத்தின் கீழ்க்கோடு தரையிலிருந்து 305 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். சுவர் அவ்வளவு உயரம் இல்லையென்றால் மாடிப் பக்கச் சுவரில் போட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்.