அம்மாட திதி நவமியா தசமியா, அந்த அரை மணித்தியாலத்தப் பாருங்க

மட்டக்களப்பு களுவாஞ்சிகுடியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கா. அம்மா 2001ல மோசம்போனவ, ஆஸ்பத்திரித் துண்டில இரவு 9.25 எண்டு இரிக்காம். ஐயர் அப்பவே அபரபக்க (தேய்பிறை) நவமி எண்டு எழுதிக் குடுத்து, இவ்வளவு காலமும் அதுலதான் திவசம். இப்ப கம்ப்யூட்டர்ல சாதகம் அடிக்கிற கடைக்காரர் ஒருத்தர், திதி 9.10க்கே மாறிட்டு, அம்மாக்கு தசமி, பிழையான திதியில படைச்சதால பித்ரு தோஷம், பரிகாரத்துக்கு 25,000 எண்டிருக்கார்.

காசக் குடுத்திராதீங்க தங்கச்சி. ஐயர் சொன்னதுதான் சரி.

திதி, திகதி மாதிரி நடுச்சாமத்துல மாறுற சாமான் இல்ல. சந்திரன் சூரியன விட்டு 12 பாகை விலகிற நேரம்தான் ஒரு திதி, சிலது 20 மணித்தியாலத்துல முடியும், சிலது 26 வரைக்கும் இழுக்கும். போன நேரத்துல எந்தத் திதி நிண்டதோ அதுதான் கணக்கு. சரி, அந்த 9.25 எந்த நேரம்? 1996ல அரசாங்கம் மணிக்கூட்ட முதல்ல ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, அந்த வருஷமே அத அரை மணித்தியாலமாக் குறைச்சு, 2006 சித்திரை வருஷம் வரைக்கும் அப்பிடியே வச்சிருந்தது, பழைய நேரமா புது நேரமா எண்டு கேட்டுக் கேட்டுத் திரிஞ்சமே, மறந்திட்டா? துண்டில இரிக்கிறது புது நேரம். இப்போதைய நேரத்துக்கு 8.55. கடைக்காரர் 9.25 எண்டே தட்டியிருக்கார். திதி மாற இன்னும் கால் மணித்தியாலம் இருக்கக்குள்ளதான் அம்மா போயிருக்கா.

ஆனா ஒண்டு. வாவிக்கு மேற்கால படுவான்கரையில வீட்டோட மோசம்போன ஆக்களுக்கு இந்த அரை மணித்தியாலக் கழிவு இல்ல. அங்க அப்ப புலிகள் இயக்கத்துட கட்டுப்பாடு, பழைய நேரம்தான் ஓடினது. நானே ஒருக்கா மண்முனையில பாதையேறி (வாவியக் கடக்கிற மிதவை) அங்கால ஒரு குடிபூரலுக்குப் போய், சுபநேரம் தவறிட்டு எண்டு பதறிப்போய்ப் பார்த்தா, அவங்கட சுவர் மணிக்கூட்டுக்குப் பால் காய்ச்ச இன்னும் பத்து நிமிஷம் இரிக்கு. அங்க செத்து இஞ்சால வந்து பதிஞ்சிருந்தா இன்னும் கரைச்சல், எழுதினவர் எந்த நேரத்தப் போட்டாரெண்டு ஆருக்குத் தெரியும், பக்கத்துல இருந்த ஆக்களத்தான் கேக்கணும். துண்டில புது நேரம் எண்டு ரெண்டு சொல்லு எழுதியிருக்கலாம். மணிக்கூட்ட மாத்தினவங்களுக்குத் திவசமா சாதகமா.

வருஷா வருஷம் நாள் எடுக்கக்குள்ள கலண்டர்ல கொட்டையா இரிக்கிற திதிய மட்டும் பாக்காதீங்க, அது சூரியன் உதிக்கக்குள்ள நிக்கிற திதி. திவசத்துக்குப் பின்னேரம் ஒண்டேகாலுக்கும் மூண்டரைக்கும் இடையில எந்த நாள்ல நவமி நிக்குதோ அந்த நாள். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் முட்டினா உங்கட கோயில்ல பாக்கிறத எடுங்க, ரெண்டையும் கலக்காதீங்க. சித்திராப் பௌர்ணமி அம்மாமாருக்குப் பொது, அதுக்கு இந்தக் கணக்கு ஒண்டும் வேணாம்.

கடைக்காரர்ட்ட 8.55 எண்டு தட்டித் திரும்ப அடிக்கச் சொல்லுங்க. அதுக்கும் காசு கேட்டாரெண்டா எழும்பி வந்திருங்க.